வழி பார்த்துப் போன பயணம்

சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்குப் பயணம் புதிய பொருளன்று. நம் முன்னோரின் வரலாறே ஒரு நெடும்பயணத்தில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் திரட்டப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரையில் கால்நடையாக வந்தனர். தண்ணீர் கிடையாமலும் நோயுற்றும் அவ்வழியிலேயே மாண்டவர் பலர். பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். தலைமன்னாருக்குச் சென்ற அந்த ரயில் வண்டிகளை நினைவிற் கொண்ட முதியோர் இன்றும் நம் லயங்களில் இருக்கின்றனர். 1977ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது, இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் உயிருக்கு அஞ்சி வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

இவையன்றி மகிழ்ச்சியான பயணம் ஒன்றும் நமக்குண்டு. அது கதிர்காம யாத்திரை. நேர்த்தி வைத்த குடும்பங்கள் ஒன்றுகூடி வேன் பிடித்து, இரவு உணவுக்குப் பின் புறப்பட்டு, விடியும் வேளையில் மாணிக்க கங்கையில் நீராடி, முருகனைத் தரிசித்து, மறுநாள் இரவே வீடு திரும்புகின்றன. வேலைக்கு ஒரு நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையும் என்ற கவலை அந்த அவசரத்துக்குக் காரணம்.

தேவைக்காக நடந்திருக்கிறோம், அச்சத்தால் ஓடியிருக்கிறோம், நேர்த்திக்காகச் சென்றிருக்கிறோம். ஆனால் கணவனும் மனைவியுமாக, அவசரமின்றி, காண்பதொன்றையே நோக்கமாகக் கொண்டு புறப்பட்ட பயணம் நம்மிடையே எத்தனை? வாசக நேயர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த வாரம் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ என்னும் மாநிலங்கள் உண்டு. அவை பெரும்பகுதி வறண்ட நிலங்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய கணவனும் மனைவியும் அப்பாலை வழியே மோட்டார் வண்டியில் வாரக்கணக்கில் மெல்லச் செல்வது அங்கு வழக்கம். விரும்பிய இடத்தில் நிற்பர். விரும்பிய மட்டும் தங்குவர். இதற்குப் பெரும் பொருளும் நீண்ட விடுமுறையும் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நமக்கு அரிசோனா வேண்டியதில்லை, அம்பாந்தோட்டை போதும். நம் மாகாணத்தின் மழைக்காட்டிலிருந்து இலங்கையின் மிக வறண்ட கரைக்கு 150 கிலோமீற்றர்கூட இல்லை. நானும் என் இல்லாளும் கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் அவ்வழியைச் சாதாரண பஸ் வண்டிகளிலேயே மூன்று நாட்களிற் கடந்தோம்.

இவ்வெண்ணத்தை நான் முதலில் வெளியிட்டபோது என் மனைவி தயங்கினாள். “பிள்ளைகளை விட்டுட்டு நாம ரெண்டு பேரும் மட்டும் ஊர் சுத்தப் போனா லயத்துல என்ன பேசுவாங்க?” என்றாள். அவளும் ஆசிரியைதான், எனினும் காலை நான்கரை மணிக்கு எழாத நாள் ஒன்று அவள் வாழ்வில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவளுக்கு மறுமொழி சொன்னவர் என் தாயார். நாற்பதாண்டு காலம் கொழுந்து பறித்தவர் அவர்.

“நான் கதிர்காமத்துக்குப் பத்துத் தடவை போயிருக்கேன் மருமகளே. ரோட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தூங்கிக்கிட்டே போனேன், தூங்கிக்கிட்டே வந்தேன். நீங்க பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. சமையலைப் பெரியவன் பார்த்துக்கட்டும். கை தேஞ்சா போயிடும்?” என்றார்.

அதன்பின் பேச்சில்லை. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

இரத்தினபுரியில் பஸ் ஏறும்போது மழை. பெல்மடுல்லையில் தெற்கே திரும்பி, கஹவத்தையைக் கடக்கும்போதும் மழை. இருபுறமும் தேயிலையும் இறப்பரும், இடையிடையே கித்துளும் பலாவும். கொடகவெலையைத் தாண்டியதும் தூறலாயிற்று. பல்லேபெத்தைப் பக்கம் வந்தபோது வானம் வெளுத்தது, பாதையில் ஈரமில்லை. மலைகள் பின்னே ஒதுங்கின. மரங்கள் குட்டையாயின, இலைகள் சிறுத்தன, மண் செம்மை ஏறியது. எம்பிலிப்பிட்டியில் இறங்கியபோது நாங்கள் கொண்டுபோன குடைகள் வெயிலுக்குப் பயன்பட்டன. இத்தனைக்கும் நாங்கள் இன்னும் இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லையைக் கடக்கவில்லை.

மாணவர்கள் இதன் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்துமாக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. நம் மலைச்சரிவுகளில் மோதி மேலெழும்போது அக்காற்றுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீரைத் தாங்க இயலாது. ஆகவே மழையாகக் கொட்டிவிடுகிறது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மலையைக் கடந்து மறுபுறம் இறங்கும் காற்றோ ஈரமிழந்து, வெப்பமுற்று, உலர்ந்த காற்றாகிவிடுகிறது. அம்பாந்தோட்டைக்கு ஓராண்டில் கிடைப்பது ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மட்டுமே. அதிலும் பெரும்பங்கு ஆண்டின் இறுதி மாதங்களில்தான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இலண்டன் மாநகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீற்றர்தான். அப்படியானால் அம்பாந்தோட்டையைவிட இலண்டன் அல்லவா வறண்டிருக்க வேண்டும்? ஆனால் அங்கே புல் பசுமையாக இருக்கிறது. இங்கே மண் வெடிக்கிறது. காரணம், மழை எவ்வளவு பெய்கிறது என்பதோடு, பெய்த நீரை வெயில் எவ்வளவு விரைவில் திரும்பக் குடிக்கிறது என்பதும் சேர்ந்தே ஒரு நிலத்தின் வறட்சியைத் தீர்மானிக்கிறது. வரவு சிறிதாயினும் செலவு அதனினும் சிறிதானால் குடும்பம் தழைக்கும். வரவு இருந்தும் செலவு மிகுந்தால் கடன்தான். நிலத்தின் கணக்கும் அதுவே.

எம்பிலிப்பிட்டியிலிருந்து வேறொரு பஸ்ஸில் உடவளவைக்குச் சென்றோம். வலவை கங்கையை மறித்து 1960களில் கட்டப்பட்ட அணை இது. ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வணையின் மேலேயே பாதை செல்கிறது. ஒருபுறம் கடல்போன்ற நீர்ப்பரப்பு. மறுபுறம் தாழ்வில் பச்சை வயல்கள். அணையை அண்டிய காட்டுநிலம் 1972ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது; யானைகளுக்குப் பேர்போனது. காற்று வேட்டியையும் சேலையையும் பற்றி இழுக்க, நாங்கள் ஒரு மணி நேரம் அங்கே நின்றோம். அவசரம் இல்லை அல்லவா?

“என்னங்க, இந்தக் காத்து நம்ம ஊர்ப் பக்கமிருந்துதானே வருது?” என்று கேட்டாள் என் மனைவி. ஆம் என்றேன். “தண்ணியை எல்லாம் அங்கேயே வச்சிட்டு வெறுங்கையோட வந்திருக்கு” என்றாள்.

வெறுங்கையோடு வந்த அக்காற்றையும் பண்டை மக்கள் வீணாக்கவில்லை. இவ்வாற்றின் மேற்பகுதியில், பலாங்கொடைக்கு அப்பால், 1992ஆம் ஆண்டில் நிறைவுற்ற சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கிறது. அந்நிலம் நீரில் மூழ்குமுன் செய்யப்பட்ட ஆய்வுகளில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உருக்கும் உலைகள் பல கண்டறியப்பட்டன. துருத்தி ஊதுவோர் இன்றி, பருவக்காற்றின் வேகத்தையே கொண்டு கனலை மூட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு இரும்பு உருக்கியிருக்கின்றனர். ஜில் ஜுலெஃப் என்னும் பெண் ஆய்வாளர், அத்தகைய உலையொன்றைத் தாமே கட்டி, காற்றைக்கொண்டு இரும்பு உருக்கிக் காட்டி, 1996ஆம் ஆண்டில் அவ்வுண்மையை உலகறியச் செய்தார். இன்னும் தெற்கே, அம்பாந்தோட்டையில், 1999ஆம் ஆண்டில் அரசாங்கம் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முதல் முயற்சியைத் தொடங்கியதும் இக்காற்றை நம்பித்தான்.

வலவையின் நீரைப் பற்றியும் ஒரு சொல். இரத்தினபுரி நகரில் விழும் மழை களுகங்கை வழியாகக் களுத்துறையிற் கடலைச் சேர்கிறது. ஆனால் பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் விழும் மழை வலவையாகி, இந்த அணையிற் தேங்கி, எம்பிலிப்பிட்டி வயல்களில் நெல்லாகி, எஞ்சியது அம்பலாந்தோட்டையிற் கடலை அடைகிறது. கொட்டும் மழையில் சாக்குப்படங்கு போர்த்திக்கொண்டு நம் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அதே மழைதான் பல கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு விவசாயியின் சோறு. இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

மறுநாள் நோனாகமச் சந்தியில் கரையோரப் பாதையை அடைந்தோம். வழியெல்லாம் மட்சட்டிகளில் எருமைத் தயிர் அடுக்கி விற்கிறார்கள். கித்துள் பாணி ஊற்றி உண்டோம். மதிய உணவு வேண்டியிருக்கவில்லை. அம்பாந்தோட்டையின் உப்பளங்களைக் கண்டது அன்று பிற்பகலில்.

இவ்வூரில் உப்பெடுப்பது மிகப் பழைய தொழில். பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1908 முதல் 1911 வரை இங்கு உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, உப்புச் சேகரிப்பை மேற்பார்ப்பது அவருடைய கடமைகளில் ஒன்று. இவ்வறண்ட காட்டுநாட்டின் துயரத்தையே அவர் 1913ஆம் ஆண்டில் நாவலாக வெளியிட்டார். உப்பெடுக்கும் முறை எளியது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. அந்நீரைப் பாத்தி பாத்தியாகத் தேக்கி, வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிட்டால் நீர் போய் உப்பு நிற்கும். மனிதன் செய்யவேண்டியது வழியமைப்பதும், காத்திருப்பதும், இறுதியில் வாரி எடுப்பதுமே. ஆனால் அந்த வாரி எடுத்தல் வெயிலில், வெண்மை கண்ணைப் பறிக்க, காலை உப்பு அரிக்கச் செய்யும் வேலை.

உப்பளத்தின் ஓரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் என் மனைவி சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தாள். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மழை வந்தால் உப்புக் கரையும், வேலையும் இல்லை என்றார் அவர். எங்கள் ஊரில் மழை பெய்யாவிட்டால் கொழுந்து இல்லை, வேலையும் இல்லை என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். பிரியும்போது, வானத்தைப் பார்த்து நீங்கள் ஒன்று வேண்டுகிறீர்கள், நாங்கள் ஒன்று வேண்டுகிறோம், அவர் யாருக்குக் கொடுப்பார் பாவம் என்றார் அந்தப் பெண்மணி.

அது வேடிக்கைப் பேச்சன்று. 2016ஆம் ஆண்டு மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து பலர் மண்ணில் மூடப்பட்டது மிகுமழையால். நம் தோட்டங்களுக்குள்ளேயே தேயிலை மழையை விரும்பும். இறப்பர் வெட்டுவோர் மழையற்ற காலைப் பொழுதை விரும்புவர். மழை மிகுந்து உப்பு விளைச்சல் கெட்டமையால், கடலாற் சூழப்பட்ட இந்நாடு 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை வரவழைக்க வேண்டியதாயிற்று. ஒரு கைப்பிடி உப்பின் பின்னே ஒருவருடைய வெயில் இருக்கிறது. ஒரு கோப்பைத் தேநீரின் பின்னே ஒருவருடைய மழை இருக்கிறது. நம் அடுப்படியில் இவ்விரண்டும் அருகருகே இருக்கின்றன.

கரையோரத்தில் வேறொரு வியப்பும் கண்டோம். சப்பாத்திக் கள்ளியும் சீமைக் கருவேலும் அங்கே புதர்புதராக மண்டிக் கிடக்கின்றன. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கருவேல், உவர்நிலத்தைத் திருத்தும் என்று கருதி 1950களில் இங்கு கொணர்ந்து நடப்பட்டது. இன்றோ பூந்தலைத் தேசியப் பூங்காவில் அதனையும் கள்ளியையும் வெட்டி ஒழிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அதன் உறவினமான மரங்கள் அரிசோனாவில் இயல்பாக வளர்கின்றன. அமெரிக்கத் தம்பதியர் தம் பாலையிற் காணும் செடியின் குடும்பத்தை நாங்கள் நம் கரையிலேயே கண்டோம் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் திஸ்ஸமகாராமைப் பக்கத்துக் காடுகளில் நம் மண்ணில் இயல்பாக வளரும் பாலை மரமும் உண்டு. அதன் சிறு மஞ்சட் பழத்துக்குக் கரடிகள் மரமேறும் என்பர்.

பாலை என்றதும் தமிழாசிரியனுக்கு வேறு நினைவு வராமற் போகாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் கருத்து. பாலைக்கு உரிய ஒழுக்கமாகப் பண்டையோர் வைத்தது பிரிவு. பொருள் தேடத் தலைவன் பாலை கடந்து போவான்; தலைவி வீட்டிலிருந்து வருந்துவாள். இலக்கண வகுப்பில் இதனை நான் பல்லாண்டு கற்பித்து வருகிறேன். ஆனால் நம் தோட்டங்களில் இன்று நடப்பது என்ன? பொருள் தேடிப் பாலைநிலத்துக்குப் போகிறவள் தலைவி. சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே அமர்ந்திருக்கிறார்கள். தந்தை கொழும்புக் கடையில், தாய் கடலுக்கு அப்பால், பிள்ளை பாட்டியிடம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் கணவனும் மனைவியும், கூடியவுடன் பேசுவது வீட்டுக் கூரையும் கடனுமே. ஒன்றாக ஒரு மரத்தைப் பார்த்து நிற்க அவர்களுக்கு நேரமில்லை.

இதனை யாரையும் குறைகூறச் சொல்லவில்லை. வறுமை விதித்த பிரிவு அது. ஆயினும் ஒன்றை மட்டும் சொல்வேன். சேர்ந்திருக்கும் பேறு பெற்ற குடும்பங்களிலும் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் வேலைக்காரராகவே கண்டுகொண்டிருக்கிறோம். அவளிடம் நான் பேசுவது அரிசியைப் பற்றி. என்னிடம் அவள் பேசுவது கட்டணங்களைப் பற்றி. அந்த மூன்று நாட்களில் என் மனைவி காற்றைப் பற்றிப் பேசினாள்; உப்பைப் பற்றிப் பேசினாள்; தான் சிறுமியாக இருந்தபோது மலைக்கு அப்பால் என்ன இருக்கும் என்று எண்ணியதைப் பற்றிப் பேசினாள். இருபதாண்டு இல்லறத்தில் நான் கேட்டிராத செய்திகள் அவை. அவளைச் சமையலறையிலிருந்து மூன்று நாள் விடுவித்தால்தான் அவை வெளிவரும் போலும்.

மூன்றாம் நாள் திஸ்ஸமகாராமை வாவியைக் கண்டு, மாலையில் கதிர்காமம் சேர்ந்து கந்தனை வழிபட்டுத் திரும்பினோம். செலவு, ஒரு குடும்பத் திருமணத்துக்குப் புத்தாடை எடுப்பதைவிடக் குறைவு.

இதனை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். நேரான பக்கங்களுள்ள ஒரு தகரப் பேணியை மரநிழல் படாத வெளியில் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அதிற் தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து குறித்துக்கொண்டு, நீரை ஊற்றிவிடுங்கள். அதே நாட்களில் வானிலை அவதான நிலையம் வெளியிடும் அம்பாந்தோட்டையின் மழை அளவை அதற்கு எதிரே எழுதி வாருங்கள். ஒரு மாதம் போதும். உங்கள் நாட்டைப் பற்றிப் புத்தகம் சொல்லாத அளவுக்கு அறிந்துகொள்வீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கதிர்காமத்துக்கு வேன் பேசும்போது, இரவு புறப்படாமல் விடியற்காலையில் புறப்படுங்கள். சாரதிக்கு அருகிலுள்ள இடத்தை வீட்டிலுள்ள மூத்த பெண்மணிக்குக் கொடுங்கள். உடவளவை அணையில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். முருகன் நம் வரவுக்காகக் காத்திருப்பான், வழியும் அவனுடையதே.